பூ கேட்டு வாங்காமல் போன லேப்டாப்

எனக்குப் புது லேப்டாப் வாங்கலாமா, இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கலாமா என்று எங்கள் வீட்டில் சாமியிடம் பூப்போட்டுக் கேட்டார்கள். இதைச் சொன்னால் சேலத்தில் இருக்கும் என் பழைய சிநேகிதிகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எனக்குத்தான் இன்றுவரை சிரிப்பு வரவில்லை.

ஏற்காட்டு மலையில், வாழவந்தியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் காப்பித் தோட்டம். தோட்டம் என்றதும் எஸ்டேட், பங்களா என்று யாரும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஓட்டு வீடு, சுற்றிலும் காப்பிச் செடி, சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடி, வாசலில் ஒரு ஜீப், அவ்வளவுதான். வீட்டில் மாமனார், என் வீட்டுக்காரர், நான் என்று மூன்று பேர். மாமனார் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார். வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறார். காப்பி மூட்டையும் ஏற்றுவார், ஏற்காட்டுக்கு வரும் டூரிஸ்டுகளையும் ஏற்றுவார். நான் கோயம்புத்தூரில் இருந்த ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே வேலை செய்துகொண்டிருந்தேன்.

அது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான பாட வீடியோக்களுக்கு எழுத்துப் போடும் வேலை. வாத்தியார் பேசுவதைக் கேட்டு, வரி வரியாகத் தட்டச்சு செய்து, அவர் பேசும் நேரத்துக்குச் சரியாகப் படத்தின் கீழே எழுத்து ஓடும்படி பொருத்த வேண்டும். காது கேட்காத பிள்ளைகள் அந்த எழுத்தை வைத்துத்தான் பாடம் படிப்பார்கள். ஒரு வரி முந்தினாலோ பிந்தினாலோ அந்தக் குழந்தைக்குப் பாடமே குழம்பிவிடும். நான் படித்தது பி.காம். ஆனால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது, குவி லென்ஸ் ஒளியை எப்படி வளைக்கும், எந்தச் சோழன் எந்த ஏரியை வெட்டினான் என்றெல்லாம் என்னைக் கேட்டால் சொல்வேன். அந்த வேலை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. உறவுக்காரர்களுக்கு அது படம் பார்க்கிற வேலை. "ஊட்டுல குந்திக்கிட்டுப் படம் பாத்தா சம்பளமாமா" என்று என் காதுபடவே பேசுவார்கள்.

என்னிடம் இருந்த லேப்டாப், கல்யாணத்துக்கு முன்னால் சேலத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்த்தபோது நானே வாங்கியது. மலைக்கு வந்ததும் அதற்கு மளமளவென்று வயதாகிவிட்டது. இங்கே பனி வீட்டுக்குள்ளேயே வந்து போகும். மழைக்காலத்தில் துவைத்த துணி காயாது, பெட்டியில் இருக்கும் பட்டுப்புடவையில்கூடப் பூஞ்சை பிடிக்கும். லேப்டாப்பை மட்டும் விட்டுவைக்குமா? மூடி ஒடிந்துவிட்டதால் பின்னால் ஒரு பால்பவுடர் டப்பாவை முட்டுக் கொடுத்திருந்தேன். பேட்டரி செத்துப்போய் வெகுகாலம் ஆயிற்று. கரண்ட் போனால் லேப்டாப்பும் போகும். மழை பிடித்தால் ஏதாவது ஒரு மரக்கிளை ஒடிந்து கம்பியில் விழாத நாளே கிடையாது என்பதால் வரிக்கு வரி சேமித்துச் சேமித்து வேலை செய்வேன். காலையில் அடுப்படியில் கொஞ்ச நேரம் வைத்துச் சூடு காட்டினால்தான் அது கண்ணைத் திறக்கும்.

ஆடி மாதக் கடைசியில் கம்பெனியிலிருந்து மேடம் கூப்பிட்டார். எனக்கு வேலை பிரித்துக் கொடுப்பவர் அவர்தான். கம்பெனி புது சாப்ட்வேருக்கு மாறப்போகிறது, பழைய மெஷின் எதிலும் அது ஓடாது, தீபாவளிக்குள் எல்லோரும் புது லேப்டாப் வாங்கிவிட வேண்டும் என்றார். நான் நன்றாக வேலை செய்கிறேன் என்றும், என்னை இழக்க அவருக்கு மனசில்லை என்றும் சொன்னார். அதற்கு முன்னால் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. போனை வைத்த கையோடு போய் மாமனாருக்கும் வீட்டுக்காரருக்கும் காப்பி போட்டேன். அவ்வளவு சந்தோஷம். விஷயத்தை ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

வீட்டுக்காரர், "பாக்கலாம்" என்றார்.

இந்த 'பாக்கலாம்' எனக்குப் புதிதில்லை. அவர் நல்ல மனுஷர்தான். கை நீட்ட மாட்டார், குடிக்க மாட்டார், அதட்டிக்கூடப் பேச மாட்டார். 'பாக்கலாம்' என்பார். என் சம்பளம் என் பெயரில்தான் விழும், கார்டு அவர் சட்டைப்பையில் இருக்கும். டீசல் போடவும் உரம் வாங்கவும் வெளியே போகிறவர் அவர்தானே, அதனால் கார்டும் அவரிடம் இருப்பதுதான் வசதி என்று கல்யாணமான புதிதில் முடிவானது. யாருடைய வசதி என்று அன்று நான் கேட்கவில்லை.

அதற்கப்புறம் வீட்டில் லேப்டாப் ஆராய்ச்சி ஆரம்பித்தது. வீட்டுக்காரர் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து எனக்கே பாடம் எடுத்தார். ஒருவன் இப்போதே வாங்கு, மெமரி விலை ஏறப்போகிறது என்கிறான். அடுத்தவன் பொறு, புது சிப் வரப்போகிறது, இப்போது வாங்குகிறவன் முட்டாள் என்கிறான். ஏற்காடு பஜாரில் போன் ரிப்பேர் செய்பவர் தீபாவளி ஆஃபர் வரட்டும் என்றார். பொறு என்று சொல்வதில் எல்லோருக்கும் அப்படி ஒரு ஆனந்தம். பொறுக்கப்போவது அவர்கள் இல்லையே. இப்போது வாங்கினால் நஷ்டம், பிறகு வாங்கினால் லாபம் என்றுதான் எப்போதும் இருக்கும். அப்படியே பார்த்துக்கொண்டிருந்தால் லேப்டாப் வாங்குவதற்கு ஏற்ற நாள் என்று ஒன்று உலகத்தில் வரவே வராது.

புரட்டாசி பிறந்ததும் மறுபடி கேட்டேன். அப்பாவை ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றார் வீட்டுக்காரர். அப்பா, பூ கேட்டுவிடலாம் என்றார்.

இவர்கள் பக்கத்தில் பெரிய காரியம் எதுவானாலும் சாமியிடம் பூ கேட்காமல் தொட மாட்டார்கள். போர் போடுவது, வீடு எடுப்பது, மாடு வாங்குவது எல்லாவற்றுக்கும் உத்தரவு வேண்டும். என்னைக்கூடப் பூ கேட்டுத்தான் கட்டிக்கொண்டு வந்தார்கள். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். இரண்டையும் ஒரே மாதிரி இலையில் சுருட்டி நூல் சுற்றிச் சாமி காலடியில் போட்டுக் கலைப்பார்கள். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் இப்போது வேண்டாம், பொறு என்று அர்த்தம்.

வெறும் லேப்டாப்புக்குச் சாமியா என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனாலும் ஒத்துக்கொண்டேன். வெள்ளை வந்துவிட்டால் 'பாக்கலாம்', ஆஃபர், புது சிப் எல்லாமே ஒரே நாளில் தீர்ந்துவிடும் என்ற ஆசை. வெள்ளிக்கிழமை காலையில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, வேலியோரத்தில் இருந்து பூவை நானேதான் பறித்துக் கொடுத்தேன். இலையில் சுற்றியது பூசாரி. அந்த வேலையும் என் கைக்கு வந்திருந்தால் இரண்டிலும் வெள்ளையே வைத்துக் கட்டியிருப்பேனா என்று பிற்பாடு யோசித்திருக்கிறேன். கட்டியிருப்பேன்.

சிவப்பு வந்தது.

மாமனார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பொறுத்துக்க கண்ணு. நல்லதுக்குத்தான் சொல்லும்" என்றார். குரலில் கேலியோ அதிகாரமோ கொஞ்சமும் இல்லை. எனக்கும் பக்தி உண்டு, எனக்கும் பயம் உண்டு. இல்லாவிட்டால் அன்றே சேலம் பஸ் ஏறியிருப்பேன். வீட்டுக்காரர் திரும்பி வரும் வழியெல்லாம் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்கு உள்ளூர நிம்மதி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இனி 'பாக்கலாம்' என்று சொல்லும் சிரமம்கூட அவருக்கு இல்லை.

தீபாவளி ஆஃபர் வந்தது, போனது. மேடத்திடம் மழை, ரோடு சரியில்லை, கடையில் ஸ்டாக் இல்லை என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னேன். சாமி வேண்டாம் என்று சொல்லிவிட்டது என்று ஒரு கம்பெனிக்காரரிடம் எப்படிச் சொல்வது? அவர் பொங்கல்வரை தவணை கொடுத்தார். பழைய சாப்ட்வேரில் செய்யக்கூடிய மிச்சம் மீதி வேலைகளைத் தேடிப் பிடித்து எனக்கு அனுப்பினார். அந்த அம்மாளை நான் நேரில் பார்த்ததே இல்லை. எனக்காக அவர் பட்ட பாட்டில் பாதி என் வீட்டில் யாரும் படவில்லை.

கார்த்திகையில் வீட்டுக்காரருக்கு ஜீப்பை மாற்றும் யோசனை வந்தது. பழைய ஜீப் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் சேலத்தில் யாரோ ஒருவர் புதுசு போல ஒன்றை விற்கிறார், டூரிஸ்டுகள் பார்த்ததும் ஏறுவார்கள், இப்போது விட்டால் கிடைக்காது என்றார். என்னைப் பொறுக்கச் சொன்ன அதே மனுஷர்தான். மாமனார் வழக்கம்போல, பூ கேட்டுவிடலாம் என்றார். அந்த வெள்ளிக்கிழமையும் நான் கூடப் போனேன்.

அன்றும் சிவப்புதான் வந்தது.

எனக்கு மனசுக்குள் ஒரு குரூரமான குளிர்ச்சி. சாமிக்கு ஆள் பார்த்துப் பேசத் தெரியாது, நல்ல சாமி என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்காரர் முகம் தொங்கிப்போனது. பூசாரி தேங்காய் மூடியைக் கையில் கொடுத்துவிட்டு, வர்ற வெள்ளிக்கிழமை இன்னொருக்கா கேட்டுப் பார்க்கச் சொன்னார். ஏதோ கடையை அடுத்த வாரம் திறப்பார்கள் என்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். மாமனாரும் அதே சாதாரணமாகத் தலையாட்டினார்.

மறு வெள்ளிக்கிழமை வெள்ளை வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஜீப் வீட்டு வாசலில் நின்றது. எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, மாலை போட்டு, என்னையும் பக்கத்தில் நிற்கச் சொல்லிப் போட்டோ எடுத்தார்கள்.

மறுநாள் மாமனார் தனியாக இருந்தபோது கேட்டேன். சிவப்பு வந்தால் மறுபடி கேட்கலாமா என்று. அவர் சிரித்தார். என்மேல் வாஞ்சையாகத்தான் சிரித்தார்.

"கேக்கலாம் கண்ணு. நமக்கு மனசுக்குப் புடிச்சிருந்தாத் திருப்பிக் கேக்கறதுதான். உன்னையே பொண்ணு கேக்கறப்ப மொதத் தடவ செவப்புதான் வந்துச்சு. உம்புருசன் சோறு திங்காமக் குந்தியிருந்தான். அப்பறம் ரெண்டாந் தடவ கேட்டோம்."

நான் உள்ளே போய் அடுப்படியில் நின்றுகொண்டேன். சாமி முதல் தடவை சரியாகத்தான் சொல்லியிருக்கிறது என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். நினைக்க நினைக்க உடம்பெல்லாம் எரிந்தது. போர் போட, மாடு வாங்க, பெண் கட்ட, ஜீப் மாற்ற எல்லாவற்றுக்கும் இவர்கள் மறுபடி போய்க் கேட்டிருக்கிறார்கள். மனசுக்குப் பிடித்திருந்தால் கேட்பார்கள். என் லேப்டாப் விஷயத்தில் சிவப்பு வந்ததும் எல்லோருமாகச் சேர்ந்து கன்னத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார்கள். எனக்கு இந்த வழி இருப்பதே தெரியாது. என் பிறந்த வீட்டில் குறி கேட்பார்களே தவிரப் பூ கேட்கும் வழக்கம் இல்லை. அது இவர்களுக்கும் தெரியும். ஒருவர்கூட எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஏனுங்க, வர்ற வெள்ளிக்கிழமை எனக்கும் ஒருக்கா கேளுங்க. பொங்கலோட வேல போயிருமுங்க."

அவர் ரசம் ஊற்றிப் பிசைந்துகொண்டே, "ஒரு பொட்டிக்காகச் சாமியத் திருப்பித் திருப்பித் தொந்தரவு பண்ணுனா நல்லாவா இருக்கும்?" என்றார்.

அதற்கப்புறம் ஒரு நாள் பல் டாக்டரிடம் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் சேலத்துக்குப் பஸ் ஏறினேன். வீட்டுச் செலவுக்கென்று என் கையில் கொடுத்ததில் மிச்சம் பிடித்து வைத்ததும், கழற்றிப் பையில் போட்டிருந்த ஒரு ஜோடிக் கம்மலும் என்னிடம் இருந்தன. கொண்டை ஊசி வளைவுகளில் எல்லாம் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே இறங்கினேன். கடையில் வரிசையாக லேப்டாப்புகள் திறந்து வைத்திருந்தார்கள். ஒன்றின் விசைகளைத் தொட்டுப் பார்த்தேன். எல்லா எழுத்தும் விழுந்தது. என் பழையதில் ஒரு விசை செத்துப்போய், அந்த எழுத்து வரும்போதெல்லாம் வேறு இடத்திலிருந்து எடுத்து எடுத்து ஒட்டிக்கொண்டிருந்தேன். நின்றபடியே பாடத்தில் வரும் ஒரு வரியைத் தட்டச்சு செய்தேன். கடைக்காரப் பெண் தவணையில்கூட எடுக்கலாம் என்று சிரித்தாள். கம்மல் வாங்கிய பழைய பில்லும் ஆதார் கார்டும் என் பையில் தயாராக இருந்தன.

வாங்காமல் வந்துவிட்டேன். இதைக் கேட்கிறவர்களுக்கு என்மேல் எரிச்சல் வரும், தெரியும். வாங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒருவரும் ஒரு வார்த்தை திட்டியிருக்க மாட்டார்கள். அப்புறம் மிளகுக் கொடி வாடினால், மாமனாருக்கு மூட்டு வலித்தால், புது ஜீப் எங்காவது உரசினால், எல்லோரும் ஒரு முறை லேப்டாப்பைத் திரும்பிப் பார்ப்பார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் குழந்தை இல்லை என்ற பேச்சு வேறு இருக்கிறது. அதற்கும் அந்த லேப்டாப்தான் காரணம் என்று ஆகும். சாமி வேண்டாம் என்ற பொருளை வீட்டுக்குள் கொண்டுவந்தவள் என்ற பெயரோடு அந்த மூன்று பேர் வீட்டில் என்னால் இருக்க முடியாது. கம்மலைப் பஸ்ஸிலேயே காதில் போட்டுக்கொண்டேன்.

மார்கழியில் காப்பிப் பழம் பறிப்பு. ஆட்களுக்குச் சோறாக்குவது, களத்தில் பழத்தைப் புரட்டிப்போடுவது என்று எனக்கு இடுப்பு ஒடிந்தது. நடுவில் நேரம் கிடைத்தபோதெல்லாம் மூன்றாம் வகுப்பு பின்னப் பாடம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தேன். வாத்தியாரம்மா ஒரு தோசையை வைத்துப் பாதி, கால் என்று சொல்லிக்கொடுப்பார். ஒரு நாள் காலையில் அடுப்படியில் எவ்வளவு சூடு காட்டியும் லேப்டாப் கண் திறக்கவில்லை. பஜாரில் போன் ரிப்பேர் செய்பவரிடம் வீட்டுக்காரர் எடுத்துப் போனார், திருப்பி எடுத்து வந்தார். உள்ளே எல்லாம் துருவாம்.

மேடத்தை அழைத்துச் சொன்னேன். அவர், "நானும் எவ்வளவோ இழுத்துப் பாத்துட்டேனுங்க. மேல கேக்கறாங்க. வேற ஒரு பொண்ணுக்குக் கொடுத்துட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். நான் ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்றேன். அந்தப் பின்னப் பாடத்தை முடித்துக் கொடுத்திருக்கலாம் என்று மட்டும் சொன்னேன். அதையும் அந்தப் பெண்ணே பார்த்துக்கொள்வாள் என்றார். போனை வைத்துவிட்டுக் காப்பிச் செடிகளுக்குள்ளே போய் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பழம் பறிக்கும் பெண்கள் வயிற்று வலியோ என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

வீட்டுக்காரர் அன்று எனக்காகப் பஜாரிலிருந்து கேக் வாங்கி வந்தார். "போனாப் போவுது உடு. ஊட்டு வேலையும் செஞ்சு அதையும் செஞ்சு உனக்கும் நொம்பச் சிரமம்" என்றார். அவர் திட்டியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். அந்தக் கேக்கை மறுநாள் நாய்க்குப் போட்டேன்.

கோடையில் மலைக் கோயில் திருவிழாவுக்குக் கொட்டச்சேட்டிலிருந்து உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். முன்னறை நிறைய ஆட்கள். பேச்சு, எந்தச் சாமிக்கு எவ்வளவு சக்தி என்று திரும்பியது. நான் டம்ளர்களைத் தட்டில் வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தபோது மாமனார் என் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மருமகளுக்கு லேப்டாப் வாங்கலாமான்னு பூ கேட்டமுங்க. செவப்பு வந்துருச்சு. இந்தப் புள்ளைக்கு மூஞ்சியே வாடிப்போச்சு. அப்பறம் பாத்தா நாலு மாசத்துல வேலையே போயிருச்சுங்க. வாங்கியிருந்தா அத்தனையும் தண்டம். சாமிக்குத் தெரியாதத நாம என்னத்தக் கண்டோம்?"

தட்டைக் கீழே வைத்துவிட்டு அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். "லேப்டாப் இல்லாததுனாலதானுங்க மாமா வேல போச்சு."

மாமனார் கோபப்படவில்லை. என்னைப் பரிவோடு பார்த்தார்.

"அதத்தான் கண்ணு நானும் சொல்றேன். வேல போவப்போவுதுன்னு அதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு."

வந்தவர்கள் எல்லோரும் கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். என் வீட்டுக்காரரும் போட்டுக்கொண்டார்.